கணிப்பொறி ஏடும் கடாரத்துச் செப்பேடும்

கடாரத்தரசன் சூளாமணிவர்மன் தொடங்கி, அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் முடித்த நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு, இராசராச சோழன் 1006ஆம் ஆண்டை ஒட்டி ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கிய செய்தி தமிழாசிரியர்கள் அறிந்ததே. லெய்டன் நகரின் பெயரால் வழங்கும் பெரிய செப்பேட்டுத் தொகுதி, இருபத்தோர் ஏடுகளில் அச்செய்தியை விரித்துரைக்கிறது. இன்றைய கெடாவே அக்கடாரம் என்பது அறிஞர் பலர் துணிபு. ஆதலின் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் வாழும் தமிழர்க்கு அச்செப்பேடு அயலூர்ச் செய்தி அன்று.

அதனுள் ஒரு நுட்பம் உண்டு. அரசன் வாய்மொழியாக ஆணையிட்ட நாள் ஒன்று. அவ்வாணை வரிக்கணக்கில் ஏறிய நாள் மற்றொன்று. இரண்டும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. ஆணையை எழுதினவர், சரிபார்த்தவர், கணக்கில் இட்டவர் என அலுவலர் பலர் பெயரும் தொடர்ந்து வருகின்றன. பின்னர் இராசேந்திரன் தந்தையின் கொடையை நிலைபெறச் செய்தான். 1025இல் அவனே கடாரத்தின்மேல் கடற்படை செலுத்தினான். நட்பு முறிந்த அக்காலத்தும் கொடைப் பதிவு அழிக்கப்படவில்லை. 1090இல் முதற் குலோத்துங்கன், கடாரத்தரசனின் தூதர் வேண்டியபடி, விகாரத்துக்குரிய ஊர்களின் வரிகளை நீக்கி மூன்று ஏடுகளில் வேறொரு சாசனம் தந்தான். பழைய ஏட்டைச் சுரண்டி அதன்மேல் எவரும் எழுதவில்லை. பழையது பழையதாகவே இருக்க, புதியது அதன் பக்கத்தில் வந்து சேர்ந்தது.

பள்ளிக்கோ சங்கத்துக்கோ கணிப்பொறிச் செயலி ஒன்று அமைக்கப் புகுவோர் இன்று எதிர்கொள்ளும் வினாக்களுள் தலையாயது இதைப் பற்றியதே. ஒரு செய்தி மாறும்போது பழைய செய்தியை என் செய்வது? மற்றொரு வினாவும் உடன் எழுகிறது. சேர்த்து வைத்த செய்திகளை யார், எந்த வடிவில், எவ்வளவு தாராளமாகக் கேட்டுப் பெறலாம்? முதல் வினாவுக்கு விடையாகச் சார்பு முறைத் தரவுத்தளங்கள் எழுந்தன. இரண்டாவதற்கு விடையாக நெகிழ்வான வினவல் அடுக்குகள் எழுந்தன. இவற்றுள் எது சிறந்தது என்று பொறியாளரிடையே ஓயாத வாதம் நடக்கிறது. அவ்வாதத்தின் உட்பொருள் கணிப்பொறி பயிலாதார்க்கும் எட்டாத ஒன்றன்று.

தோட்டப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை எண்ணிப் பார்த்தால் போதும். அதற்குப் பழைய தலைமையாசிரியர்கள் வைத்திருந்த விதி கடுமையானது. மையால் எழுதவேண்டும், சுரண்டக்கூடாது. பிழை நேர்ந்தால் ஒரே ஒரு கோடு இட்டு, அடித்தது படிக்கும்படி விட்டு, மேலே திருத்தத்தை எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இடவேண்டும். விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்துக் கிராணி எழுதிய செக்ரோல் புத்தகத்துக்கும் ஏறக்குறைய அதே ஒழுங்கு இருந்தது. கூலி அதைக் கொண்டே கணக்கிடப்பட்டதால், அழித்த இடம் ஒன்று கண்ணில் பட்டால் ஐயம் எழுவது இயல்பு.

காகிதம் போய்க் கணிப்பொறி வந்தபோது இவ்விதி பெரும்பாலும் காற்றில் பறந்தது. பொதுவாக வழங்கும் அட்டவணைத் தரவுத்தளத்தில் ‘முகவரி’ என்னும் கட்டத்தில் புதிய முகவரியைத் தட்டினால், பழையது இருந்த சுவடே இல்லாமல் மறைந்துவிடும். அது கரும்பலகை போன்றது. காலை ஒன்பது மணிக்கு எழுதியதைப் பத்து மணிக்குத் துடைத்து வேறு எழுதலாம். பத்து மணிக்கு வகுப்புக்கு வருபவன் ஒன்பது மணிக்கு என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் பலகையிடம் விடை இல்லை.

இஃது எவ்வளவு பெரிய குறை என்பது தோட்டத்து வாழ்வை அறிந்தார்க்கு விளங்கும். எடுத்துக்காட்டாக ஒரு மாணவியைக் கருதுக. 2011இல் அவள் முதலாம் ஆண்டில் சேர்கிறாள். குடியிருப்பு தோட்டத்து லயம். பிறப்புச் சான்றிதழ் எண் எழுதவேண்டிய கட்டம் வெறுமையாக இருக்கிறது. பெற்றோர் பிறப்பைக் காலத்தில் பதியவில்லை. 2014இல் தோட்டம் கைமாறுகிறது. குடும்பம் நகரோரத்து வீடமைப்புப் பகுதிக்குப் பெயர்கிறது. பின்பு சான்றிதழும் கிடைக்கிறது. அதில் உரோமன் எழுத்தில் உள்ள பெயர் பள்ளி ஏட்டில் உள்ளதோடு ஓரெழுத்து வேறுபடுகிறது. அலுவலகத்தில் இருப்பவர் எல்லாவற்றையும் ‘சரியாக’ மாற்றிவிடுகிறார். பத்தாண்டு கழித்து, அவள் எந்த ஆண்டு முதல் எந்த ஊரில், எந்தப் பெயரில் படித்தாள் என்று காட்டவேண்டிய தேவை வருகிறது. கணிப்பொறி இன்றைய முகவரியையும் இன்றைய எழுத்துக்கூட்டலையும் காட்டுகிறது. உண்மையான பழைய செய்தி, அதைத் திருத்தியவரின் நல்லெண்ணத்தினாலேயே அழிந்துபோயிற்று. குடியுரிமைத் தாள் இல்லாமல் அலையும் ஒரு குடும்பத்துக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெறுமதி உடையது என்று சொல்லவேண்டியதில்லை.

இனிச் சார்பு முறை என்றால் என்ன என்று பார்க்கலாம். கணிதத்தில் சார்பு என்பது, ஒரே உள்ளீட்டுக்கு என்றும் ஒரே விளைவைத் தருவது. ஐந்தின் இருபடி இன்றும் இருபத்தைந்து, நாளையும் இருபத்தைந்து. இவ்வொழுங்கை நிரலாக்கத்துக்குக் கொண்டுவந்தோர், ஒரு முறை உண்டான மதிப்பை மாற்றாமல், அதிலிருந்து புதிய மதிப்பை உண்டாக்கினர். அதே ஒழுங்கைத் தரவுத்தளத்துக்கும் கொண்டுவந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் குளோஜர் என்னும் நிரல்மொழியை 2007இல் வெளியிட்ட ரிச் ஹிக்கி. அவரும் தோழரும் 2012இல் டேட்டோமிக் என்னும் தரவுத்தளத்தை வெளியிட்டனர்.

அதில் செய்தி என்பது அட்டவணையின் கட்டம் அன்று, சிறு வாக்கியம். அதற்கு ஐந்து உறுப்புகள் உண்டு. யாரைப் பற்றியது, எந்தப் பண்பு, அப்பண்பின் மதிப்பு, எந்தப் பதிவு நடவடிக்கையில் வந்தது, சேர்க்கப்பட்டதா விலக்கப்பட்டதா என்பன அவை. மேற்சொன்ன மாணவி இடம் பெயர்ந்தால், ‘குடியிருப்பு லயம்’ என்னும் வாக்கியம் அழிவதில்லை. அது விலக்கப்பட்டது என்று ஒரு வாக்கியமும், ‘குடியிருப்பு சுங்கைப் பட்டாணி’ என்று ஒரு வாக்கியமும் கடைசியில் சேர்கின்றன. ஆசிரியர் இட்ட ஒற்றைக் கோடும் சுருக்கொப்பமும் அப்படியே மீண்டு வந்தன எனலாம். 2013ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாளில் இருந்தபடி ஏட்டைக் காட்டுக என்று கேட்டால் காட்டும். அந்நாளைய ஏட்டைப் பற்றிய வினாவுக்கு எத்தனை முறை கேட்டாலும் ஒரே விடைதான் வரும். சார்பு என்ற பெயர் பொருந்துவது இதனால்தான்.

இது வெறும் ஆய்வுக்கூடப் பொருள் அன்று. பத்துக் கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளரைக் கொண்ட பிரேசில் நாட்டு நூபேங்க் என்னும் வங்கி டேட்டோமிக்கைப் பயன்படுத்துகிறது. அத்தரவுத்தளத்தை ஆக்கிய நிறுவனத்தையே 2020இல் வாங்கிவிட்டது. 2023இல் டேட்டோமிக் கட்டணமில்லாமல் கிடைக்கும்படி வழிசெய்யப்பட்டது. வங்கிக்கு இம்முறை உவப்பாயிருப்பதில் வியப்பில்லை. கணக்கு நூல் பயின்றவர் எவரும் பேரேட்டைச் சுரண்டுவதில்லையே.

ஆயினும் இங்கே ஒரு நுட்பத்தைப் பலர் தவறவிடுகின்றனர். டேட்டோமிக் தானே குறிக்கும் காலம், செய்தி ஏட்டில் ஏறிய காலம். செய்தி உண்மையில் நிகழ்ந்த காலம் வேறு. மாணவி மார்ச்சு மாதம் இடம் பெயர்ந்தாள். பள்ளிக்குச் சூன் மாதம்தான் தெரிந்தது. இவ்விரண்டையும் பிரித்துக் குறிக்காவிட்டால் ‘ஏப்பிரலில் அவள் எங்கிருந்தாள்’ என்ற வினாவுக்கு ஏடு பிழையான விடை தரும். எக்ஸ்டிடிபி என்னும் மற்றொரு தரவுத்தளம் இரு காலத்தையும் இயல்பிலேயே வைத்துக்கொள்கிறது. டேட்டோமிக்கில் நிகழ்ந்த நாளைத் தனிப் பண்பாக நாமே எழுதிவைக்கவேண்டும். ஆனைமங்கலச் செப்பேட்டில் ஆணையின் நாளும் கணக்கேறிய நாளும் தனித்தனியே நிற்பதை இங்கு நினைவுகூரலாம். சோழர் காலத்து வரியலுவலர்க்குத் தெரிந்த வேற்றுமை இக்காலச் செயலிகள் பலவற்றுக்குத் தெரியவில்லை.

இனி மறுபக்கம். ஒரே செய்தித் தொகுதியைப் பலர் பல நோக்கோடு நாடுகின்றனர். வகுப்பாசிரியர் கைப்பேசியில் பெயரும் வருகையும் மட்டும் வேண்டும். அலுவலகத்துக்கு முழு விவரம் வேண்டும். பெற்றோருக்குத் தம் பிள்ளையின் விவரம் மட்டும் போதும். முன்பெல்லாம் ஒவ்வொரு திரைக்கும் ஒவ்வொரு வாயிலைப் பொறியாளர் தனித்தனியே கட்டினர். புதுத் தேவை எழும்போதெல்லாம் புது வாயில். சில சமயம் வேண்டியது இரண்டு வரி, வருவதோ இரண்டு பக்கம். முகநூல் நிறுவனம் 2012இல் தன் கைப்பேசிச் செயலிக்காக உருவாக்கி 2015இல் பொதுவில் வெளியிட்ட கிராஃப்கியூஎல் என்னும் வினவு மொழி இத்தொல்லைக்கு ஒரு தீர்வு. கேட்பவரே தமக்கு வேண்டிய பண்புகளைப் பெயர் சொல்லி எழுதுகிறார். அவை மட்டும், எழுதிய வடிவிலேயே வந்து சேர்கின்றன. இந்தியப் பொறியாளர் முயற்சியில் தோன்றி 2018இல் திறமூலமாக வெளிவந்த ஹசுரா, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் அட்டவணைகளைப் பார்த்து இத்தகைய வாயிலைத் தானே அமைத்துத் தரும். மாதக்கணக்கில் செய்த வேலை சில நாளில் முடிகிறது என்று இதனைக் கையாண்டோர் மகிழ்வதில் பொருள் உண்டு.

ஆனால் கதவை அகலத் திறந்தால் காவலும் அதற்கேற்ப வேண்டும். ஒரு பண்பையும் விடாது, இதை யார் பார்க்கலாம் என்று வரையறுக்கவேண்டும். வறிய குடும்பத்துக்கு வழங்கும் உதவிநிதி விவரம், மற்றொரு பெற்றோர் கைப்பேசியில் தோன்றிவிடக் கூடாது. பள்ளி, அதன் வகுப்புகள், வகுப்பின் மாணவர், மாணவரின் உடன்பிறந்தார், அவர்தம் வகுப்புகள் என்று வினாவை அடுக்கிக்கொண்டே போனால் கணிப்பொறி மூச்சுத் திணறும். ஆழத்துக்கு ஓர் எல்லை கட்டவேண்டும். கவனமின்றி அமைத்த வாயில், நாற்பது மாணவர் பட்டியலுக்கு ஒரு முறையும், பின் ஒவ்வொருவருக்காகத் தனித்தனியே நாற்பது முறையும் தரவுத்தளத்தைத் தட்டுவது அடிக்கடி காணப்படும் குறை.

இவ்வளவும் சொன்னபின் ஒன்று விளங்கும். சார்பு முறைத் தரவுத்தளத்தையும் வினவல் அடுக்கையும் எதிரெதிர் நிறுத்தி எடைபோடுவது, கிணற்றையும் வாளியையும் ஒப்பிட்டு எது சிறந்தது என்பது போன்றது. முன்னது செய்தியைச் சேமிக்கும் முறை. பின்னது மொண்டு கொடுக்கும் முறை. டேட்டோமிக்குக்கும் டேட்டாலாக் வழிவந்த வினவு மொழி உண்டு. நெகிழ்வில் அது குறைந்ததன்று. மாறாக, கிராஃப்கியூஎல் எதையும் சேமிப்பதில்லை. அடியில் உள்ள அட்டவணை பழையதைத் துடைத்துவிட்டிருந்தால், மேலே எவ்வளவு அழகான வினவு மொழி இருந்தாலும் நேற்றைய நிலையை அதனால் சொல்ல முடியாது.

தமிழர் நாள்தோறும் கையாளும் ஓரிடத்தில் இவ்விரண்டும் பிரிந்து நிற்பதைக் கண்ணாரக் காணலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதில் எந்தக் கட்டுரையையும் திறந்து அதன் வரலாற்றைப் பார்த்தால், யார், எந்த நாளில், எந்தச் சொல்லை மாற்றினர் என்பது வரிசையாக நிற்கும். முந்தைய வடிவத்தைப் படிக்கலாம்; மீட்கவும் செய்யலாம். இதற்காக அவர்கள் புதுவகைத் தரவுத்தளம் எதையும் தேடவில்லை. மரியாடிபி என்னும் வழக்கமான அட்டவணைத் தரவுத்தளமே அடியில் இருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்தையும் புது வரியாகச் சேர்ப்பது என்ற ஒழுங்கை மென்பொருள் கைக்கொண்டது, அவ்வளவே. அதன் உடன்பிறப்பாகிய விக்கித்தரவு 2012இல் எழுந்தது. ‘கெடாவில் உள்ள ஆறுகள் எவை’ என்பன போன்ற வினாக்களைத் தொடுக்கும் வினவல் சேவை 2015இல்தான் அதன்மேல் அமைந்தது. இன்றும் அச்சேவை நிகழ்நிலையைக் கொண்டே விடை சொல்லும்; பழைய வடிவங்களைத் தேடவேண்டுமாயின் திருத்த வரலாற்றுக்குத்தான் போகவேண்டும். சேமிப்பு ஒழுங்காக இருந்ததனால் வினவும் வழியைப் பின்னர்ச் சேர்க்க முடிந்தது. சேமிக்கத் தவறியதை எந்த வினவல் அடுக்காலும் பின்னர்க் கொண்டுவர முடியாது.

அப்படியானால் எல்லாரும் ஏன் தொடக்கத்திலிருந்தே பழையதைக் காக்கவில்லை என்ற ஐயம் எழலாம். காக்க முயன்றவர் உண்டு. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை 1980களில் கலிபோர்னியாவில் வடிவமைத்த மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழுவினர், பழைய வரிகளை அழிக்காமல் வைத்து, சென்ற காலத்தை வினவும் வசதியையும் அதிலேயே அமைத்திருந்தனர். சேமிக்கும் இடம் மிகுதியாகத் தேவைப்பட்டது, வேகம் குறைந்தது. 1997இல் வந்த ஆறாம் பதிப்பின் இரண்டாம் வெளியீட்டில் அவ்வசதி கைவிடப்பட்டது. அன்று வட்டின் விலை அப்படி. இன்று அவ்விலை வெகுவாக இறங்கிவிட்டதால் பழைய எண்ணம் புதுப்பெயர்களோடு திரும்பி வந்திருக்கிறது. எஸ்கியூஎல் மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரநிலையிலேயே காலம் சார்ந்த அட்டவணைகளுக்கு இடம் தரப்பட்டது.

விலை இறங்கினாலும் வேறு தடைகள் உள்ளன. டேட்டோமிக்கில் எழுதும் வேலை முழுவதும் ஒரே வாயில் வழியாக வரிசையில் நடப்பது. ஒழுங்குக்கு அது நன்று, அளவிறந்த எழுத்து வேகத்துக்கு அன்று. அதை அறிந்த பொறியாளர் சிலரே. சிறு பள்ளிக் குழுவுக்குச் செயலி எழுதிக் கொடுத்த இளைஞர் வேலை கிடைத்துக் கோலாலம்பூருக்குப் போய்விட்டால், அதைத் தொட்டுப் பார்க்க ஆளிராது. இது சிறிய இடையூறு அன்று.

மற்றொன்று அறம் பற்றியது. எதையும் மறவாத ஏடு, மறக்கவேண்டியதையும் மறவாது. வணிகத் தொடர்பில் பெறும் தனியாள் விவரங்களைத் தேவைக்கு மேல் வைத்திருக்கலாகாது என்பது, மலேசியாவில் 2010இல் இயற்றப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கொள்கைகளுள் ஒன்று. சட்டம் எட்டாத இடத்திலும் நாகரிகம் எட்டவேண்டும். ஒரு சிறுவன் எட்டு வயதில் செய்த குறும்புக்கு எழுதிய ஒழுங்குக் குறிப்பு அவன் நாற்பது வயதிலும் ஏட்டில் இருக்கவேண்டுமா? டேட்டோமிக்கில் ஒரு செய்தியை அடியோடு வெட்டியெடுக்கத் தனி நடவடிக்கை உண்டு. ஆனால் அது அரிதாகச் செய்யவேண்டிய அறுவை. அன்றாடக் கைவேலை அன்று. எனவே, எவ்விவரம் காக்கத்தக்கது, எது காலம் கழிந்தபின் நீங்கத்தக்கது என்பதை முதலிலேயே பிரித்து வேறு வேறு ஏட்டில் வைப்பதே தக்கது.

பிரிக்கும் வகைக்குக் கெடா மண்ணிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் திக்கற்ற காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தனர். அச்சங்கம் முதன்முதலாக வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம். அன்று பங்கெடுத்தவருள் பலர் இன்று இல்லை. பங்கு மக்களுக்கும் பேரர்க்கும் வந்திருக்கிறது. இத்தகைய பங்கேட்டில் யார், எப்போது, எவ்வளவு கட்டினார், யாரை வாரிசாகக் குறித்தார், அக்குறிப்பு எந்நாளில் மாறியது என்னும் வரலாறுதான் சொத்து. இன்றைய உரிமையாளர் பெயர் அவ்வரலாற்றின் கடைசி வரி. இங்கே சார்பு முறைத் தரவுத்தளத்தைத் தேடிச் செல்வதற்கு நியாயம் முழுமையாக உண்டு.

பள்ளியின் நிலை வேறு. சேர்க்கை, விலகல், பெயர், பெற்றோர், குடியிருப்பு, தேர்ச்சி ஆகியவை காக்கத்தக்கன. இவற்றுக்குப் போஸ்ட்கிரெஸ் போன்ற வழக்கமான தரவுத்தளமே போதும். திருத்தும் உரிமையை எவருக்கும் தராமல் சேர்க்கும் உரிமையை மட்டும் தரும் அட்டவணை ஒன்றை அதில் வகுத்துவிடலாம். நாளை வருகை, உணவுப் பட்டியல், நூலக இரவல் போன்றவை வழக்கமான அட்டவணையில் இருந்து, உரிய காலத்தில் நீங்கலாம். வினவல் அடுக்கை மூன்று நான்கு திரைகள் கட்டிப் பார்த்து, கேட்போர் தேவை பெருகியபின் சேர்த்தால் போதும். முதல் நாளே எல்லா வினாவுக்கும் வாயில் திறந்துவைக்கும் அவசரம், பின்னர்க் காவல் வைப்பதில் வந்து முடிகிறது.

காக்கத்தக்க அட்டவணையை வகுக்கும்போது தமிழ்ப் பெயர் பற்றி ஒரு கவனம் வேண்டும். வெளிநாட்டு மாதிரிகளைப் பார்த்துக் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் வைப்பதில் பயனில்லை. தமிழர்க்குத் தந்தை பெயரே முன்னோ பின்னோ நிற்கிறது. லெட்சுமி என்று கிராணி காதில் விழுந்தபடி உரோமன் எழுத்தில் எழுதியதும், பின்னர் வந்த எழுத்தர் லட்சுமி என்று எழுதியதும், அடையாள அட்டையில் ஏறியதும் ஒருவரையே குறிக்கும். மூன்றையும், எவர் எந்நாளில் எந்தத் தாளைப் பார்த்து எழுதினார் என்ற குறிப்போடு, தனித்தனி வரியாக வைக்கவேண்டும். தேடும்போது மூன்றில் எதைத் தட்டினாலும் அந்தப் பிள்ளை கிடைக்கவேண்டும். தோட்டம் மறைந்தபின்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கும் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டப் பள்ளிகள் போலப் பிரிவு எண்ணோடு வழங்குவனவற்றில், பிள்ளை படித்தது எந்தப் பிரிவு என்ற எண்ணையும் அன்று எழுதியபடியே வைக்கவேண்டும்.